ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றாள் நிலோபர், தம்பி சோம்பல் முறிச்சு முடிக்கிற வரைக்கும் தரையில இருக்கிற மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே உக்காந்திருங்க்கா என்றாள், சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், ஹேமலதாவும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சால்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தம்பி என்பது ஓர் இரும்புக் கை. ஆறு மூட்டு, நிமிர்ந்தால் இரண்டு ஆள் உயரம். கார் தொழிற்சாலையில் பத்து வருஷம் கதவு தூக்கி மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, அங்கே புதுசு வந்ததும் ஓய்வு கொடுக்கப்பட்டு, லாரியில் படுத்தபடி கோயம்புத்தூருக்கு வந்து, மூடிப்போன நூல் மில்லின் இந்தக் கிடங்கில் நாட்டியம் ஆட வேண்டும் என்று அதன் தலையில் எழுதியிருக்கிறது. மார்கழிக் குளிரில் மூட்டுக்குள்ளே கிரீஸ் இறுகிப்போய்விடுமாம், எடுத்த எடுப்பில் வேகமாக ஆட்டினால் அதற்கு வலிக்கும் என்கிறாள் நிலோபர், வலிக்கும் என்றே சொல்கிறாள், பொறியியல் படித்த பெண். எனக்கும்தான் மூட்டு இறுகியிருக்கிறது, என்னை யார் இருபத்தைந்து நிமிஷம் மெதுவாக ஆட்டிவிடப்போகிறார்கள் என்று நினைத்து ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் வெளியே வேப்பமரத்தடியில் கைகாலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள், உள்ளே வரமாட்டாள், தம்பி சோம்பல் முறிப்பதை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. இன்றைக்கு விடியற்காலை முதல் தூறல், மரத்தடி சேறு, அதனால் உள்ளே. பதினோரு மணிக்கு இந்த ஆட்டத்தை மேடையேற்றப்போகிற விழாக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அவள் விழ வேண்டும். விழத் தெரியாவிட்டால் இன்றோடு சரி.

விழுவது ஒரு பெரிய காரியமா, கைக்குழந்தைகூட விழுகிறது. முதுகைக் காட்டி நின்று, ஏழு எண்ணி, எட்டில் உடம்பை விட்டுவிட வேண்டும், பின்னால் தம்பி வந்து ஏந்திக்கொள்வான். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் இப்படிப் பதினோரு இடம். மூன்று வாரமாக அவள் செய்யாத முயற்சி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போகும், ஆறுவரைக்கும் மகாராணிதான், ஏழு வந்ததும் முழங்கால் தானாக மடங்கிக்கொள்ளும், வலது கை தானாகப் பின்னால் போய்த் தரையைத் தேடும். தம்பி வெறும் காற்றை ஏந்திக்கொண்டு நிற்பான், பார்க்கவே பாவமாக இருக்கும். நிலோபர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. அடி பட்டுவிடும் என்று பயந்து தம்பியின் உள்ளங்கைத் தகட்டுக்கு நாலு விரற்கடை ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து உறைகூடப் போட்டுக் கொடுத்தாள். ஸ்பாஞ்சு போட்டும் விழவில்லை. வயசு நாற்பத்தேழு, இடது முழங்காலுக்குள்ளே இரண்டு திருகாணி, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பெங்களூரிலிருந்து தன்யா என்ற பெண்ணை வரவழைத்து நேற்று மதியம் சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்றார்கள். தன்யா கொடியிலிருந்து துணி விழுகிற மாதிரி விழுந்தாள். பதினோரு தடவையும் விழுந்துவிட்டு, எழுந்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டே, ஈஸிதான் மேம் என்றாள். அந்தப் பொண்ணுக்குப் போன உசிரு திரும்பி வரும்னு நம்பிக்கை, எனக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு விழலைன்னா தன்யாவே ஆடட்டும் என்று ஹேமலதா தானே வாயை விட்டாள், விட்ட வாயை எப்படித் திரும்ப இழுப்பது. இது என் ஆட்டம், என் உடம்பை வைத்துச் செய்தது, இதை எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம், சாலிகிராமத்தில் மாடி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். டிவியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தைப் போடுவார்கள். ஐயோ, அந்தப் பக்கம் போகாதே. ஹேமா, அன்னைக்கு. போகாதே என்கிறேன்.

தம்பி மெதுவாகக் கழுத்தைத் தூக்கினான். கழுத்து என்றால் நாலாவது மூட்டு. தூக்கி, இடது பக்கம் சாய்த்து, யாரையோ தேடுகிற மாதிரி நின்று, அப்புறம் தாழ்ந்தான். அந்தச் சாய்ப்பைப் பார்த்ததும் அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஏனென்றால் அது இரும்பின் சாய்ப்பு இல்லை, அது பிலோமின்ராஜின் சாய்ப்பு. பிலோ அப்படித்தான் தலையைச் சாய்ப்பான், டான்ஸ் மாஸ்டர் மைக்கில் கத்தும்போது, இட்லிக்குச் சட்னி தீர்ந்துவிட்டது என்று புரொடக்‌ஷன் பையன் சொல்லும்போது, எதற்கும். காலை ஐந்து மணிக்கு வடபழனியில் வேன் ஏறுவார்கள், இருபது பெண்கள் இருபது ஆண்கள், எவர்சில்வர் டம்ளரில் காப்பி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, பாதித் தூக்கத்தில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து கிடப்பார்கள். சினிமாவில் குரூப் டான்ஸர் என்றால் கதாநாயகிக்குப் பின்னால் அசைகிற ஜனம், முகம் தெரியாது, தெரிந்தால் மாஸ்டர் திட்டுவார். ஆனாலும் என்ன சந்தோஷம் அது. பத்தொன்பது வயசில் அவளுக்கு ஜோடியாகப் பிலோவை நிறுத்தினார்கள், உயரம் பொருந்தியது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் ஜோடி. காதல் என்று ஊரே சொன்னது, அவர்கள் இரண்டு பேருக்கும்தான் அதற்கு நேரம் இருக்கவில்லை. அவன் அக்கா கல்யாணத்துக்கு இவள் நாகர்கோவில் போய் ஆடினாள், இவள் அப்பா செத்தபோது அவன் முன்னால் நின்று எல்லாம் பார்த்தான், அதற்கு என்ன பெயர் வைப்பது. ஒரு மழைப் பாட்டு, தீயணைப்பு லாரியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், பெரிய ஃபேன் இரைகிறது, நாகரா டேப்பில் பாட்டு ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை, அவள் பின்பக்கமாக விழ வேண்டும், எட்டு எப்போது வருகிறது என்று எப்படித் தெரியும். அப்போதுதான் பிலோ அதைக் கண்டுபிடித்தான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவள் தோள்பட்டைக்குக் கீழே, இடது பக்கம், இரண்டு தட்டு. முதல் தட்டு இருக்கேன், இரண்டாவது தட்டு வா. தட்டிவிட்டுக் கையை எடுப்பான், அவள் விழுவாள், அவன் ஏந்துவான். அன்றிலிருந்து மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும், தட்டாமல் அவன் ஏந்தியதில்லை, தட்டு இல்லாமல் அவள் விழுந்ததில்லை. மாஸ்டருக்குக்கூட இது தெரியாது. ஏழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தட்டு, எண்ணிப் பார்க்க முடியுமா, முதுகில் அந்த இடம் மட்டும் எப்போதும் கொஞ்சம் விழித்தே இருக்கும்.

அப்புறம் அந்த ஒரு நாள் வந்தது. வந்தே தீரும், எப்படிச் சுற்றிப் போனாலும் மனசு அங்கேதான் போய் முட்டுகிறது. துறைமுக செட், ஆறடி உயரப் பலகை மேல் அவள், கீழே பிலோ. மஞ்சள் ஜாக்கெட், முழுக்கக் கண்ணாடி பதித்தது, காலையில்தான் தைத்து வந்தது, உள்ளே என்னத்தைக் கொடுத்துத் தைத்தானோ, கழுத்தெல்லாம் அரித்தது. பலகை உயரம் என்பதால் பிலோ ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, அவள் முதுகில் கை வைத்து, பிறகு கீழே குதித்து ஏந்த வேண்டும். ஏழு. ஏழுக்குப் பிறகு அவள் காத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் விழுந்துவிட்டார்கள், வரிசையில் அவள் மட்டும் நிற்கிறாள், மைக்கில் மாஸ்டர் அவள் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்குகிறார், அவள் விழுந்தாள், கோணலாக, தாமதமாக, பிலோ அதற்குள் அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மறுபடியும் பெட்டியில் ஏறத் திரும்பியிருந்தான். முழங்கால் முதலில் தரையைத் தொட்டது. அந்தச் சத்தத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மாஸ்டரும் மற்றவர்களும் சுற்றி நிற்க, பிலோ அழுதுகொண்டே, நான் தட்டினேன் மாஸ்டர், தட்டிட்டுத்தான் கையை எடுத்தேன் என்றான், தட்டுவது என்றால் என்ன என்றுகூட அங்கே யாருக்கும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். பொய் சொல்றான். தட்டவே இல்லை. பொய் சொல்றான். வலியில் சொன்னாள், கோபத்தில் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். மாஸ்டர் அவனைக் குரூப்பிலிருந்து எடுத்தார், ஜோடியைக் கீழே போட்டவன் என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்தக் குரூப்பில் சேர்ப்பார்கள். ஒரு வருஷம் அலைந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை ஆட வைக்கிறான் என்று கேள்வி. அந்த டேக்கையே படத்தில் வைத்துவிட்டார்கள், கதாநாயகி சிரிப்பு அதில்தான் நன்றாக வந்ததாம். பின்னால் ஒரு மஞ்சள் புள்ளி சரிந்து விழுகிறது, அது ஹேமலதா. அதற்கு முன்னால் ஒரு நொடி, மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அது பிலோவின் கை. இந்த இருபத்தொரு வருஷத்தில் டிவியில், சிடியில், இப்போது போனில், எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள், அந்தக் கறுப்புப் புள்ளி அசைகிறதா அசையவில்லையா என்று. தெரியவே தெரியாது. கேமரா கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முழங்கால் போன பிறகு குதிக்க முடியாது, சினிமா விட்டுப்போயிற்று. தரையோடு தரையாகப் புரண்டு, மூச்சை வைத்தே ஆடுகிற கன்டெம்பரரி என்று ஒன்று இருக்கிறது, வந்து பார் என்று ஒரு சிநேகிதி கூட்டிக்கொண்டு போனாள். பார்த்ததும் இது என்ன கூத்து, வலிப்பு வந்தவர்கள் மாதிரி என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான், பிறகு அதுவே அவளுக்குச் சோறும் மூச்சும் ஆனது. அதில் எல்லாம் ஆடினாள், தனியாகத்தான் ஆடினாள், பின்னால் விழுகிற ஆட்டம் மட்டும் வேண்டாம் என்றுவிடுவாள். போன வருஷம் இளம்பரிதி வந்தான். மூட்டுக்கு மூட்டு சின்ன மைக் ஒட்டி, மோட்டார் முனகுவதையும் கியர் உராய்வதையும் பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பிசைந்து, அதையே பாட்டாக்குகிறவன், அவனுக்குப் பழைய மனுஷர்களும் பழைய இயந்திரமும் ஒன்றாக வேண்டுமாம். இந்தக் கைக்கு ஒரு ஆள் ஆடிக் காட்டணும்க்கா, கைப்பிடியைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது அப்படியே மனசுல வெச்சுக்கும், உங்களுக்கு ஜோடியா ஆடினவர் யாராவது இருக்காங்களா என்று கேட்டான். இருக்கிறான் என்று ஏன் சொன்னாள். நாகர்கோவில் நம்பரை ஏன் தேடிக் கொடுத்தாள். ஐப்பசியில் பிலோ வந்தான், தலை பாதி நரைத்து, தொந்தி வைத்து, பிளாஸ்டிக் கூடையில் நேந்திரங்காய் சிப்ஸோடு. மூன்று நாள் இருந்தான். காலையில் எந்த இடத்தில் எத்தனை என்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டதைத் தவிர இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட், அவ்வளவுதான் பாஷை. அவன் கைப்பிடியைப் பிடித்துத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த மூன்று நாளும் அவள் வேப்பமரத்தடியிலேயே இருந்தாள், வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னாள், அவன் கை காற்றை ஏந்துவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம். கடைசி நாள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையை இடது பக்கம் சாய்த்து, ஹேமா, அன்னைக்கு, என்று தொடங்கினான். பஸ் வந்திருச்சு பாரு என்றாள் அவள். பஸ் அப்போது நுழைவாயிலைக்கூடத் தாண்டவில்லை. அவன் பார்த்தான், பஸ் வரவில்லை என்று அவனுக்கும் தெரிந்தது, சரி என்று கூடையைத் தூக்கிக்கொண்டான். அன்னைக்கு என்ன, அன்னைக்கு என்ன சொல்ல வந்தாய், மன்னிச்சிடு என்றா, இல்லை பழையபடி தட்டினேன் என்றா, இரண்டில் எது வந்திருந்தாலும் எனக்கு எரிந்திருக்கும், அதனால்தான் பஸ்ஸை வரவழைத்தேன்.

டிக். டிக். கிடங்கின் மூலையிலிருந்த ஸ்பீக்கரில் இரண்டு சத்தம் கேட்டது. காதில் ஹெட்போனோடு குனிந்து என்னவோ திருகிக்கொண்டிருந்த இளம்பரிதி நிமிரவில்லை. மோட்டாரின் முனகலுக்கு நடுவில், பல்லியும் இல்லை கொசுவும் இல்லை, டிக், டிக். ஏதாவது கியர் பல் உடைந்துவிட்டதா உள்ளே, பதினோரு மணிக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், உடைந்திருந்தால் நல்லதுதான், உடைந்துபோனால் நான் விழ வேண்டாமே என்று ஒரு அற்ப ஆசை எட்டிப் பார்த்தது, சே என்று அதை விரட்டினாள். தம்பி அந்த மூலைப் பக்கமாகச் சுற்றி வந்து, தாழ்ந்து, உள்ளங்கைத் தகட்டை நிமிர்த்தி வைத்தான். முறம் அளவுத் தகடு. இன்றைக்கு அதில் உறை இல்லை, வியர்வை நாற்றம் என்று நிலோபர் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருக்கிறாள், ஸ்பாஞ்சு தனியாக மடங்கிக் கிடக்கிறது. வெறும் இரும்பு. அது காற்றில் ஓர் இடத்தில் வந்து நின்றது, ஒரு முதுகு உயரத்தில், நின்று, முன்னால் ஒரு சின்ன அசைவு, டிக், பின்னால் வந்தது, மறுபடியும் முன்னால், டிக். அப்புறம் சாண் தூரம் பின்வாங்கி, இறங்கிக் காத்திருந்தது. ஹேமலதாவுக்குச் சால்வைக்குள்ளே முதுகில் ஓர் இடம் குறுகுறுத்தது. இல்லை, இருக்காது, குளிர். அடுத்த இடத்துக்குப் போனான் தம்பி, கழுத்தைத் தூக்கி, இடது பக்கம் சாய்த்து, போய் நின்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிக். டிக். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

நிலோபர், அது என்ன சத்தம் என்று கேட்டாள், குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நிலோபர் திரையைப் பார்த்துக்கொண்டே, அது நாய்ஸுங்க்கா, பழைய ஃபைல் இது, சூடு பண்றதுக்கு மட்டும் இதைத்தான், மூணுல ஒரு பங்கு வேகத்துல ஓட்டுவேன் என்றாள். புரியவில்லை என்றாள் ஹேமலதா. நிலோபர் இந்தப் பக்கம் திரும்பி, பொறுமையாக, பெரியவர்களுக்குப் போன் சொல்லிக் கொடுக்கிற பொறுமையோடு சொன்னாள். பிலோ சார் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பதிந்தது இந்த ஃபைல். மனுஷன் கை இல்லையா, நேராகப் போகாது, அங்கங்கே குலுங்கும், அந்தக் குலுக்கலை எல்லாம் தேய்த்து வழவழவென்று ஆக்கித்தான் ஆட்டத்துக்கு வைத்திருக்கிறது. முக்கியமாக ஏந்துகிற இடத்தில் எல்லாம் சாருக்குக் கை இரண்டு தடவை உதறியிருக்கிறது, பாவம், கனம் தாங்காமல் இருக்கும், இத்தனைக்கும் பிடித்தது கைப்பிடி மட்டும்தான்.

"எத்தனை இடத்துல?" என்றாள் ஹேமலதா.

"பதினோரு இடத்துலயுமேங்க்கா. ஒண்ணு விடாம. அதான் முதல் வேலையா அதை எடுத்துட்டேன்."

பதினோரு இடத்திலும். ஒன்று விடாமல். எதிரே முதுகு கிடையாது, ஆள் கிடையாது, அவள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு வெறும் காற்றுக்குத் தட்டியிருக்கிறான். வேண்டுமென்று தட்டியிருப்பானா, இல்லை, அவனுக்கே தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் நிலோபரிடம் சொல்லியிருப்பான், இதை எடுத்துடாதம்மா என்று. அந்தக் கைக்கு அப்படித்தான் தெரியும். ஏந்துவது என்றால் முதலில் தட்டுவது, அதற்கு வேறு வழி தெரியாது. ஆளே இல்லாதபோது தட்டுகிற கை, ஆள் இருந்தபோது தட்டாமலா இருந்திருக்கும். அப்படியென்றால். ஹேமலதா ஜன்னல் பக்கம் பார்த்தாள், எதற்குப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தாள், கம்பியில் உறை தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மடங்கிய ஸ்பாஞ்சு, நாலு விரற்கடை. நிலோபர் அந்த உதறலை எடுக்காமலே விட்டிருந்தாலும் இத்தனை கனத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு என்ன தெரிந்திருக்கும். கழுத்தெல்லாம் அரித்தது. மஞ்சள் ஜாக்கெட். காலையில்தான் தைத்து வந்தது, கண்ணாடி கனம் தாங்க வேண்டும் என்று உள்ளே இரட்டைக் கேன்வாஸ் கொடுத்திருந்தான் டெய்லர், போட்டுவிட்ட பெண் என்னடி இது போர்க்கவசம் மாதிரி என்று முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துச் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஏனென்றால் அந்த அறை கொஞ்சம்கூட உறைக்கவில்லை. உறைக்கவே இல்லை. அடி பாவி. அறையே உறைக்காத முதுகுக்கு இரண்டு விரல் தட்டு எங்கிருந்து உறைக்கும். இந்த இரண்டையும் இருபத்தொரு வருஷமாக ஒன்றாக வைத்துப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையே, அறை ஒரு நினைவு, விழுந்தது ஒரு நினைவு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்தான், அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட உனக்கு இத்தனை வருஷம். மங்கலான படத்தை நிறுத்தி நிறுத்தி அவன் கையைத்தான் பார்த்தாய், ஒரு தடவையாவது உன் ஜாக்கெட்டைப் பார்த்தாயா. பொய் சொல்றான். இரண்டு தடவை சொன்னாய். அவன் அழுதான். ஹேமா, அன்னைக்கு, என்று இருபத்தொரு வருஷம் கழித்தும் அதே இடத்திலிருந்துதான் தொடங்கினான், நீ பஸ் வந்துவிட்டது என்றாய். வெட்கம் காலிலிருந்து ஏறி முகத்தைச் சுட்டது. ஒன்பதரை மணிக் காலையில், மூன்று பேர் இருக்கிற கிடங்கில், அவளுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஒளியவில்லை. சால்வையை ஸ்டூல் மேல் போட்டாள், உள்ளே மெல்லிய பருத்திப் பனியன். நான் கோட்டைத் தாண்டணும் என்றாள். நிலோபர் ஐயோ வேண்டாம்க்கா, உறையை மாட்டிடறேன், ஆட்டத்து ஃபைலைப் போட்டுடறேன் என்று எழுந்தாள். வேண்டாம், இதே ஃபைல், இதே வேகம், உறை வேண்டாம் என்றாள் ஹேமலதா. அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, நிலோபர் சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டாள், அதைப் பிடித்திருக்கும்வரைதான் தம்பி அசைவான், விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். இளம்பரிதி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பார்த்தான். ஹேமலதா மஞ்சள் கோட்டைத் தாண்டி, தரையில் சாக்கட்டியால் போட்ட குறியில் முதுகைக் காட்டி நின்றாள். சிமென்டுத் தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. பின்னால் முனகல் நெருங்கி வந்தது. ஒன்று, வடபழனி வேன். இரண்டு, எவர்சில்வர் டம்ளர். மூன்று, நாலு, எண்ணிக்கை எண்ணிக்கையாகவே இருக்க மாட்டேன் என்கிறது, ஐந்து, லாரித் தண்ணீர் கண்ணில் அடிக்கிறது, ஆறு. ஏழு. முழங்கால் மடங்கப் பார்த்தது. பார்த்தாயா, அதற்குப் பயமில்லை, அது இத்தனை நாளும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வா என்று சொல்லாமல் அது எப்படி வரும். பனியனுக்கு மேல், தோள்பட்டைக்குக் கீழே, இடது பக்கம், இரும்பு சில்லென்று வந்து ஒட்டியது. தட்டியது. மூன்றில் ஒரு பங்கு வேகம் என்பதால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வெகு நேரம் இருந்தது, ஒரு ஆள் யோசித்துப் பேசுகிற மாதிரி. இருக்கேன். பிறகு, வா.

முழங்கால் மடங்கவில்லை. கை தரையைத் தேடவில்லை. எப்போது விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, மேலே மில்லின் பழைய ஓடுகளும், ஓட்டு இடுக்கில் தூறல் வெளிச்சமும் தெரிந்தன, முதுகுக்குக் கீழே தம்பி அவளைத் தாங்கிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். யாரோ விசும்பினார்கள், நிலோபராகத்தான் இருக்கும். சுவிட்சை விட்டுடாதே கண்ணு என்று ஹேமலதா படுத்தபடியே சொன்னாள். அப்புறம், அந்த நாய்ஸைப் பதினோரு இடத்திலும் திரும்ப வைத்துவிடு, உறையைப் பிரித்துப் போட்டுவிடு, தன்யாவை உட்கார்ந்து பார்க்கச் சொல் என்றாள். நிலோபர் எல்லாவற்றுக்கும் சரிங்க்கா சரிங்க்கா என்றாள். தம்பி அவளை இறக்கிவிட்டு, கழுத்தைச் சாய்த்து அடுத்த இடத்துக்குப் போனான், அங்கே ஆள் இல்லை, இருந்தாலும் தட்டினான்.

போன் ஸ்டூல் மேல் சால்வைக்குள் இருந்தது. இந்நேரம் பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்திருக்கும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டிக்கொண்டிருப்பான், அப்புறம் கூப்பிடலாம், ஆட்டம் முடிந்து கூப்பிடலாம், நாளைக்கு, என்று மனசு வழக்கம்போல ஒரு பஸ்ஸை வரவழைக்கப் பார்த்தது. அவள் நம்பரை அழுத்திவிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் பிள்ளைகள் இரைச்சல், யாரோ டமடமவென்று பெஞ்சில் குதிக்கிறார்கள்.

"விழுந்தியா?" என்றான் பிலோ. வேறு எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு யார் சொன்னது, மூன்று வாரமாக விழவில்லை என்று, இளம்பரிதியாகத்தான் இருக்கும்.

"விழுந்தேன்" என்றாள். "பிலோ, அன்னைக்கு நீ தட்டினே. நான்தான் பொய் சொன்னேன், தெரியாமலே சொல்லிட்டேன். நீ தட்டினே."

பிள்ளைகள் இரைச்சல் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் குறைந்தது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான் போல. அவள் காத்திருந்தாள். காத்திருக்கையில் வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுகிறோம் என்று ஆறில்தான் தெரிந்தது. ஏழு. அந்தப் பக்கம் போனின் மேல் விரல் நகம் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.